பிள்ளை மடுவத்துப் பால்

"கைய நீட்டு!" என்றார் ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கண்டாக்கு.

தோட்டத்து ஆபீஸ் வாசல். மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாக்கியக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்கு நீட்டுவோமே, அப்படி நீட்டினார். ஐம்பது வயது மனுஷி.

"திருப்பு."

திருப்பினார். கண்டாக்கு குனிந்து நகங்களைப் பார்த்தார். கையால் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம்! பென்சில் முனையால் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோட்ட நிர்வாகி தொரையிடம், "அழுக்கு இருக்கு சேர்" என்றார்.

இருக்காதா? முப்பது பிள்ளைகளுக்கு விறகடுப்பில் பால் காய்ச்சுகிறவர் நகத்தில் கரி இல்லாமல் சந்தனமா இருக்கும்?

அந்த வாசலில் நாலடி தள்ளி நானும் நின்றேன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வார், நெஞ்சில் பேனா. தோட்டத்து மருத்துவிச்சி நான். பிலோமினா என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. பாக்கியக்காவின் கைகளில் குற்றமில்லை என்பது அந்த வாசலில் நின்றவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்கள் தொடரில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று ஒரு வாசகர் போன வாரம் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, மன்னிக்க வேண்டும். இந்த வாரம் இன்னும் கூடும். கூடுகிற கோபத்தில் பாதி என் மீதே.

பத்து மணிச் சங்கு

தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். டிக்கோயாவிலிருந்து மேலே ஏறினால் வருகிற எங்கள் தோட்டத்தில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்) அது தொரையின் பங்களாவுக்குக் கீழே, தொழிற்சாலைக்கு மேலே, ஒரு நீளத் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள். மறுபக்கம் சாக்கு விரித்த தரையில் நடக்கிற பிள்ளைகள். நடுவில் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் பாக்கியக்கா.

எழுபதுகளின் கடைசி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைத் தொரை போய் உள்ளூர்த் தொரை வந்திருந்தார். நாற்காலி அதேதான்.

பத்து மணிக்குச் சங்கு ஊதும். கைக்குழந்தைக்காரிகள் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க மறுபடி ஏற வேண்டும். அதற்குள் நடக்கிற பிள்ளைகள் பால்மாவில் கரைத்த பாலைக் குடித்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். இது பெரிய கண்டாக்கின் சட்டம். ஏனென்றால், தங்கச்சிக்குப் பால் கொடுக்க வந்த அம்மாவைக் கண்டால் மூத்தது சும்மா இருக்குமா? காலைக் கட்டிக்கொண்டு விடாது. அம்மா மலைக்குத் திரும்பப் பிந்தும். பிந்தினால் அன்றைக்கு அரைப்பேர். அதாவது, முழுநாளும் பறித்தாலும் அரைநாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள்.

மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அவசர அவசரமாகப் பால் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதைச் சட்டம் என்று சொல்ல வாய் கூசவில்லை அவர்களுக்கு.

மழை மாதத்தில் விறகு நனைந்துவிடும். அடுப்பு புகையுமே தவிர எரியாது. ஒன்பதே முக்காலுக்குத்தான் தண்ணீர் கொதிக்கும். கொதிக்கிற பாலை எந்தப் பிள்ளை குடிக்கும்? ஒருநாள் ஒரு பொடியன் அவசரத்தில் உதட்டைச் சுட்டுக்கொண்டு அலறினான். அந்த நேரம் பார்த்துப் பெரிய கண்டாக்கு வந்து பாக்கியக்காவைக் கிழி கிழியென்று கிழித்தார். நானும் அன்றைக்கு மடுவம் பார்க்கப் போயிருந்தேன்.

அவர் போனதும் சொன்னேன்: "எதுக்குக்கா இந்தப் பாடு? கொதிச்ச தண்ணியில பால்மாவக் கரைச்சிட்டீங்கல்ல? பீலித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. ரெண்டு செம்பு ஊத்தி ஆத்திக் குடுங்க."

பீலி என்றால் மலை ஊற்றைத் தகரக் குழாய் வழியாக விழவிடுவது. மடுவத்துக்கென்று பங்களாப் பக்கத்து ஊற்றிலிருந்து தனியாக ஒரு பீலி வந்தது. தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துச் சனங்களுக்கு, அந்தப் பக்கம் வேறு ஓடை.

பாக்கியக்கா உடனே தலையாட்டவில்லை.

"பச்சத் தண்ணி கலந்தா புள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யாதுங்களா மிஸ்ஸி?"

"பாறையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணிக்கா அது. என்னா செய்யப் போகுது?"

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷி கேட்ட கேள்வியைப் பாருங்கள். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய நான் சொன்ன பதிலையும் பாருங்கள். கொதிக்க வைத்ததன் பலனையெல்லாம் இரண்டு செம்புத் தண்ணீரில் கெடுத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த மாதிரி குடையை விரித்துக்கொண்டு போனேன்.

யாராவது தூக்கி வர வேண்டும்

எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் நோய் பரவுகிற பாடத்துக்கு ஒரு ஈயின் படம் போட்டிருந்தது. குளிர் மாதத்தில் எங்கள் மலையில் ஈயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பாடம் புரிந்தது. நோய்க்குக் கால் கிடையாது. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு யாராவது, எதுவாவது தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

லயத்துக் காம்பரா அறைகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் இருமும். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் லயத்தில் கண்நோய் வந்தது. மடுவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முகம் துடைக்க ஒரே துண்டு. மூன்று நாளில் முப்பது பிள்ளைகளும் பீளை கட்டிய கண்ணோடு நின்றோம். "சுத்தம் தெரியாத சனங்க" என்றாராம் அப்போதிருந்த தொரை. இரண்டாவது துண்டு கொடுத்திருந்தால் சுத்தம் தெரிந்திருக்கும்.

அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். பத்தடி அறையில் எட்டுப் பேரை அடைத்துவிட்டு, ஐம்பது பேருக்கு ஒரு கக்கூஸ் கட்டிவிட்டு, நோய் வந்தால் சுத்தம் தெரியாத சனம்! நல்ல நியாயம்!

நாலு, பதினொன்று, செல்வி

பச்சைத் தண்ணீர் கலக்கத் தொடங்கி மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை நாலு பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. செவ்வாய் இன்னும் பதினொன்று. சாதாரணப் போக்கு இல்லை. காய்ச்சலும், சளி மாதிரிச் சீதமும், இரத்தமும். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தன.

தோட்டத்து டிஸ்பென்சர், நாங்கள் டாக்டரையா என்று கூப்பிடுகிறவர், போத்தலில் வெள்ளை மருந்தைக் கலக்கிக் கொடுத்தார். நான் வீடு வீடாகப் போய் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினேன். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். என் புத்தி அப்போது மட்டும் வேலை செய்தது.

ராஜம்மாவின் மகள் செல்வி. இரண்டரை வயது. ஊசி போடப் போனால் அழாமல் என்னை முறைத்துப் பார்க்கிற பிள்ளை. புதன்கிழமை காலையில் கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். லொறி கேட்டு ஓடினேன்.

"கொழுந்து ஏத்தியாச்சு மிஸ்ஸி. பெக்டரியில எறக்கிட்டு வந்துதான் போகலாம்" என்றார் பெரிய கண்டாக்கு.

"பிள்ளை தாங்காதுங்கய்யா!"

"கொழுந்து வாடிப்போனா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

லொறி திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். ராஜம்மா முன் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நான் பக்கத்தில். பாதி வழியில், ஒரு வளைவில், "மிஸ்ஸி, தூங்கிட்டா பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். தூக்கமில்லை.

இத்தனை வருடம் கழித்தும் வயிறு எரிகிறது. கொழுந்து வாடக் கூடாதாம்!

கொப்பியில் எழுதிய பெயர்கள்

செல்வியை அடக்கம் செய்த மறுநாள் உட்கார்ந்து ஒரு கொப்பியில் பெயர்களை எழுதினேன். யாருக்கு முதலில் வந்தது, யாருக்குப் பிறகு, யார் வீட்டில் எத்தனை பேர். லயத்தில் நோயில் விழுந்த பெரியவர்கள் எல்லோரும் நோய்ப்பட்ட பிள்ளைகளின் துணியை அலசியவர்கள், அல்லது அந்தப் பிள்ளைகளோடு படுத்தவர்கள். பிள்ளையிடமிருந்து அம்மாவின் கைக்கு, அம்மாவின் கையிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து வீட்டுக்கு. அது விளங்கியது. ஆனால் முதல் பதினைந்து பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது?

பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தொட்டில் குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. அதே மடுவம், அதே பாக்கியக்கா, அதே கைகள்தான் அதுகளையும் தூக்கின, துடைத்தன, ஆட்டின. தாய்ப்பால் மட்டும் குடித்ததுகளுக்கு ஒன்றுமில்லை. செம்பில் பால் குடித்த பிள்ளைகள்தான் விழுந்திருந்தன.

ஆண்டவரே, அந்த இரண்டு செம்புத் தண்ணீர்!

அப்படியே எழுந்து மடுவத்துக்கு ஓடினேன். "இனிமே பச்சத் தண்ணி ஊத்தாதீங்கக்கா. கண்டாக்கு என்னா கத்துனாலும் சரி, பால் தானா ஆறட்டும்" என்றேன். காரணம் சொல்லவில்லை. பாக்கியக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிங்க மிஸ்ஸி" என்றார்.

அங்கிருந்து பீலிக் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன். ஊற்று, பங்களாவின் பின்புறச் சரிவில் இருந்தது. அதற்குமேல் இருபது எட்டில் புதிதாக மண் கிளறிய இடம். பங்களா சமையல்காரர் மாரிமுத்து குப்பை கொட்ட வந்தவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"இது என்னா குழிங்கண்ணே?"

"பங்களாவுக்குப் புதுக் கக்கூஸ் கட்டினாங்கல்ல மிஸ்ஸி, அதோட குழி." சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆழமா வெட்ட முடியல. கீழ பாறை. அப்படியே மூடிட்டாங்க. போன வாரம் கொழும்புல இருந்து வந்த விருந்தாளிக ரெண்டு பேருக்கு நாலு நாளா வயித்தால. ரத்தமா போச்சுங்க. எம்பேரு வெளிய வந்துறக் கூடாது மிஸ்ஸி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

ஆக, சுத்தம் தெரிந்த பெரிய மனிதர்களின் வயிற்றிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து பாறை வெடிப்பு வழியாக ஊற்றுக்கு, ஊற்றிலிருந்து பீலிக்கு. பீலியிலிருந்து பாலுக்கு அதைத் தூக்கி ஊற்றச் சொன்னது நான்.

டாக்டரையாவிடம் கொப்பியைக் காட்டினேன். படித்தார். மூடினார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா பங்களாப் பேச்ச எடுக்காதீங்க மிஸ்ஸி. உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல" என்றார்.

ஆபீஸ் வாசலில்

அதற்கு மறுநாள்தான் அந்த விசாரணை. பாக்கியக்காவின் நகத்தில் அழுக்கு இருந்தது. முடிந்தது விசாரணை! தொரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கண்டாக்கு தமிழில் சொன்னார்: "ஒன்னோட கையாலதான் புள்ளைகளுக்கு நோய் வந்திருக்கு. நாளையில இருந்து மடுவத்துக்கு வராத. புல்லு வெட்டப் போ."

வாசலுக்கு வெளியே ராஜம்மா நின்றாள். பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள். "ஒன்னைய நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்!" என்று கத்திக்கொண்டு பாக்கியக்காவின் முன்னால் காறித் துப்பினாள்.

தொரை என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸிக்கு ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கண்டாக்கு கேட்டார்.

பாக்கியக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்ல இருந்தது. கொப்பி என் பையில் இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம். வேலை போய்விடும், உழைக்க முடியாத அப்பாவும் படிக்கிற தம்பியும் பட்டினி கிடப்பார்கள் என்ற பயம். ஆயிரம் காரணம் அடுக்கலாம். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான். கோழைத்தனம்.

பாக்கியக்காவுக்குப் பதிலாக வந்தவளிடமும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லிவைத்தேன். பச்சைத் தண்ணீர் நின்றதால் மடுவத்தில் நோயும் நின்றது. "ஆள மாத்துனோம், நோய் நின்னுருச்சு பாத்தீங்களா?" என்று பெரிய கண்டாக்கு பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற இடத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அடுத்த மாதம் பங்களாவின் அந்தக் குழியைத் தூர்த்து, மலைக்கு அந்தப் பக்கம் புதுக்குழி வெட்டினார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! பாவிகள்!

அட்டன் ஸ்டேசன்

அதற்குப் பிறகு பாக்கியக்கா கையால் லயத்தில் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவர் ஓடைக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளையே அவர் பக்கம் போகவிடாமல் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதற்கான பத்திரம் அவருக்கும் புருஷனுக்கும் எப்போதோ வந்திருந்தது. பிறந்த மண்ணை விட மனமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டே மாதத்தில் புறப்பட்டுவிட்டார்.

தோட்டத்திலிருந்து யாராவது கப்பலேறப் போனால் லயமே அட்டன் ஸ்டேசனுக்குத் திரண்டு போகும். கட்டிப்பிடித்து அழுது, ரயிலோடு ஓடி, ஒரே கூக்குரலாக இருக்கும். பாக்கியக்காவை வழியனுப்ப ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன்.

தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். புருஷன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் போய் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரை, குழியை, விருந்தாளிகளை, கொப்பியை. சொல்லி முடித்துவிட்டு அழுதேன்.

அவர் அழவில்லை.

"தண்ணிதான்னு எனக்குத் தெரியும் மிஸ்ஸி. ஊத்த வேணாமின்னு ஓடியாந்து சொன்னீங்களே, அன்னைக்கே வெளங்கிருச்சு. நானே சொல்லியிருப்பேன். மிஸ்ஸி சொல்லித்தான் ஊத்துனேன்னு நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"என்னைய மன்னிச்சிருங்கக்கா."

"அத அப்புறம் பாப்போம். எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. தொர என்னா நெனச்சா எனக்கென்னா, கண்டாக்கு என்னா நெனச்சா என்னா. ராஜம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. ஒம் புள்ளையக் கொன்னது பாக்கியம் இல்லன்னு சொல்லுங்க. அவ ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும்."

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

அன்று மத்தியானமே ராஜம்மாவின் லயத்துக்குப் போனேன். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. என் பெயரை முதலில் சொன்னேன். குழியைப் பிறகு சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தக்கா இப்ப எங்க?" என்றாள்.

"ரயில் போயிருச்சு ராஜம்மா. நான்தான் ஏத்திவிட்டுட்டு வர்றேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா மிஸ்ஸி? நானும் ஸ்டேசனுக்கு வந்திருப்பேனே."